குறை நோட்டில் நான் எழுதிய வரி

என் எழுத்து கொஞ்சம் பெரிசு பெரிசாகத்தான் இருக்கும், ஐயா. அதனால்தான் கோடு போட்ட தாளாகக் கேட்டு வாங்கினேன். கோடு இல்லாவிட்டால் என் வரி மேலே ஏறிக்கொண்டே போகும். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர், "நீங்க சொல்லுங்க பெரியவரே, நான் எழுதிக்கிறேன், கீழ ஒரு கையெழுத்து போட்டா போதும்" என்றார். நல்ல மனுஷன், டீயும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் இன்னொருத்தர் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டது எனக்கு ஒரு தடவையே போதும். இது முழுக்க என் கையால் எழுதுகிறேன்.

பெயர் தருமன். அப்பா பெயர் அப்பாசாமி. வயது ஐம்பத்து மூன்று. ஊர் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கம். வினோதினி செத்துப்போனதைப் பற்றிப் பேப்பரில் "மீட்டர் கோளாறால் விமானம் விழுந்தது" என்று போட்டிருக்கிறார்கள். நாலு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அது தப்பு. அந்தத் தப்பைத் திருத்தத்தான் வந்தேன். என்னை யாரும் தேடவில்லை. சந்தேகப்படவும் இல்லை.

முப்பது வருஷம் நான் ஆயில் இன்ஜினோடு மாரடித்தவன். கரண்ட் வராத கிணறுகளுக்கு இன்ஜினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், இறக்கி, ஓட்டி, கடலைக்கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சி, மறுபடியும் ஏற்றுவேன். முதுகு போனது அதில்தான். ஆனால் காது வந்தது. ஓடுகிற இன்ஜின் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவேன். வாத்தியாரிடம் படித்ததில்லை.

எழுத்து கற்றுக்கொண்டது நாற்பத்தொன்பதில். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயந்திர வகுப்பு நடத்தினார்கள். அதுவரைக்கும் பஸ்ஸை நிறம் பார்த்துத்தான் ஏறுவேன். ஒருநாள் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஒரு போர்டைப் படித்து, அது எங்கள் ஊர் பஸ் இல்லை என்று தெரிந்து, ஏறாமல் நின்றேன். அந்த மாதிரி ஒரு மரியாதையை அதற்கு முன்னால் எனக்கு நானே கொடுத்துக்கொண்டதில்லை.

பரசுராமன் சார் எங்கள் பக்கத்து மேட்டு நிலத்தை வாங்கி ஓடுபாதை போட்டதும் அந்தச் சமயம்தான். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்து ரிடையர் ஆனவர். பழைய மோட்டார் கிளைடர் ஒன்று வைத்திருக்கிறார். இறக்கை ரொம்ப நீளம், உள்ளே இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். மூக்கில் ஒரு சின்ன இன்ஜின், அதன் முன்னால் விசிறி. மேலே போனபிறகு இன்ஜினை அணைத்துவிட்டால் பருந்து மாதிரி சும்மா சுற்றும். நான் புல் வெட்டுவேன், ஆடு விரட்டுவேன், ஷெட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வருவேன், பெட்ரோல் ஊற்றுவேன், இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

வினோதினி ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓட்டக் கற்றுக்கொள்ள வரும். வேங்கிக்காலில் ஒரு ஆபீஸில் வேலை. ஸ்கூட்டியை நிறுத்தும்போதே, "தருமண்ணா, ரன்வேல ஆடு இருக்குதா?" என்று கேட்கும். "ஒண்ணே ஒண்ணு இருக்குது. உனக்காகத்தான் காத்துக்கினு இருக்குது, மேல ஏத்திக்கினு போ" என்பேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் பெண்மேல் எனக்குப் பகை கிடையாது.

ஷெட்டில் குறை நோட்டு என்று ஒன்று தொங்கும். விமானத்தில் என்ன கோளாறு தெரிந்தாலும் அதில் எழுத வேண்டும். தேதி, குறை, எழுதியவர் பெயர், என்ன சரிசெய்தார்கள் என்று நாலு கட்டம். பரசுராமன் சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். குறையை யார் எழுதினாரோ அவரே கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் அந்தக் குறை தீர்ந்ததாக அர்த்தம். "யார் வேணா எழுதலாம் தருமா, ஆடு மேய்க்கிறவன்கூட எழுதலாம்" என்று அவர்தான் சொன்னார். நான் அதை நம்பினேன்.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். விசிறி, சக்கரம், இறக்கை நுனி, புல் வெட்டுகிற மெஷின், பெட்ரோல் கேன், துடைப்பம் என்று ஒன்றையும் விடவில்லை. விமானத்தின் அடிவயிற்றில் பென்சில் கனத்துக்கு ஒரு குழாய் வளைந்து நிற்கும். அதன் வாயில் ஒரு பொட்டு. அது எதற்கான குழாய் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒன்றுக்கு வைத்து ஒன்றுக்கு விடக்கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீட்டர் பிரச்சினை வந்தது. இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுகிற மீட்டர். மேலே போனபிறகு முள் இரண்டாயிரத்து ஐநூறில் நிற்க வேண்டும். கால்மணி நேரம் நிற்கும், அப்புறம் மெதுவாக இரண்டாயிரத்து இருநூறுக்கு இறங்கும், கொஞ்ச நேரத்தில் தானே ஏறிக்கொள்ளும். கீழே இறங்கி ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது.

பழுது பார்க்கச் சென்னையிலிருந்து இளஞ்செழியன் வருவார். முப்பது முப்பத்தைந்து வயசு இருக்கும், படித்தவர். மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். பின்னால் இருக்கிற வயர்களைக் கழட்டிச் சுரண்டி மாட்டினார். எர்த் வயரின் ஸ்க்ரூவை முறுக்கினார். அடுத்த வாரம் வேறு மீட்டரே கொண்டுவந்து போட்டார், அதிலும் முள் இறங்கியது. கையில் பிடிக்கிற சின்னக் கருவி ஒன்றை விசிறிக்கு நேராகக் காட்டினார். அதுவும் மீட்டரும் தரையில் ஒரே எண்ணைக் காட்டின. "அப்ப மேல போகும்போது வயர்தான் ஆடுது சார்" என்றார். மீட்டர் புதுசு, மீட்டரும் கருவியும் ஒத்துப்போகிறது, ஆனாலும் மீட்டர் பக்கம்தான் குற்றம். முள் ஒருவேளை நிஜத்தைச் சொல்கிறதோ என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

எனக்குத் தோன்றியது. அவர்கள் காதில் பெரிய பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு மேலே போகிறவர்கள். நான் தரையில் நின்று கேட்கிறவன். தலைக்கு மேலே வட்டம் போடும்போது சத்தம் தொய்ந்தது. கொஞ்சம்தான் கம்மி ஆச்சு, ஆனால் ஆச்சு. மூச்சு வாங்குகிற சத்தம் அது.

அன்றைக்கு நோட்டை எடுத்து எழுதினேன். "இன்ஜின்தான் எறங்குது. மீட்டர் சரி." கீழே தருமன் என்று கையெழுத்து. எழுதி முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. என் பெயரையும் ஊரையும் தவிர, நானாக யோசித்து, இன்னொருத்தர் படிப்பதற்காக எழுதிய முதல் வரி அது.

இளஞ்செழியன் அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். நான் எழுதியிருந்தபடியே, நிறுத்தி நிறுத்தி, எழுத்துக் கூட்டுகிற குரலில். "சார், நம்ம ஷெட்டுக்கு புது சீஃப் இன்ஜினியர் வந்துட்டாரு. நான் சென்னைக்கே போயிடறேன். யோவ் தருமா, ஆட்டுக்கும் ஏதாச்சும் குறை இருந்தா எழுதிடு."

"விடுப்பா" என்றார் பரசுராமன் சார். "ஆசையா எழுதியிருக்கான்."

ஆசையாக எழுதவில்லை, ஐயா. சரியாக எழுதினேன்.

வினோதினியும் சிரித்தது. கொஞ்சம்தான். அதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை, அப்போதே மறந்துவிட்டேன். மஞ்சள் சுடிதார் போட்டிருந்தது, இடது கையால் வாயை மூடிக்கொண்டது.

இளஞ்செழியன் சிவப்பு பேனா எடுத்து என் வரியின்மேல் கோடு போட்டார். ஸ்கேல் வைத்துப் போட்டார். பக்கத்தில் "மீட்டர் வயர் கோளாறு, மாற்ற வேண்டும்" என்று எழுதினார்.

அன்றைக்கு மத்தியானமே காரணம் எனக்குக் கிடைத்துவிட்டது. விமானம் இறங்கியதும் டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டுப் பெட்ரோல் அளப்பது என் வேலை. மூடியைத் திருகும்போது உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது. அந்தச் சத்தம் ஆயில் இன்ஜின்காரன் எல்லோருக்கும் தெரியும். டேங்கில் எண்ணெய் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு வைப்போம். அதைக் குளவி மண் வைத்து அடைத்துவிட்டால் இன்ஜின் எண்ணெயை இழுக்க முடியாமல் திணறும். மூடியைத் திறந்ததும் சரியாகிவிடும். இங்கே ஒவ்வொரு தடவையும் அளப்பதற்காக மூடியைத் திறந்துவிடுகிறோம். அதனால்தான் தரையில் குறை தெரியவில்லை. மேலே எங்கோ துளிக் காற்று கசிந்து உள்ளே போகும்போது முள் தானே ஏறிக்கொள்கிறது.

காற்று போகிற வழியைத் தேடிக் குனிந்தேன். அடிவயிற்றுக் குழாய். அதன் வாயில் சந்தனம் காய்ந்து கல்லாகி, நடுவில் குங்குமம். நான் வைத்த பொட்டு.

சட்டையில் ஊக்கு இருந்தது. ஒரு குத்து குத்தினால் போதும்.

ஏன் குத்தவில்லை என்று கேட்பீர்கள். பொட்டு வைத்தது நான்தான் என்று வெளியே தெரியும், அதற்குப் பயந்தேன் என்று நினைப்பீர்கள். பயம் இல்லை. சாமிக்குச் செய்ததற்கு எவனும் என்னைத் திட்ட முடியாது. விஷயம் வேறு. மறுநாள் இளஞ்செழியன் புது வயர் போடப் போகிறார். நான் இன்றைக்குக் குழாயைக் குத்திவிட்டால் முள் இறங்காது. அப்போது வயர் மாற்றியதால்தான் சரியானது என்று ஆகும். சிவப்புக் கோடு உண்மையாகிவிடும், என் வரி பொய்யாகிவிடும். சரியாக எழுதிய மனுஷன், தன் எழுத்தைத் தானே பொய்யாக்க வேண்டுமா? நீங்களாக இருந்தாலும் செய்ய மாட்டீர்கள். வயரை மாற்றட்டும், முள் மறுபடியும் இறங்கட்டும், எல்லோரும் என் வரிக்குத் திரும்பி வரட்டும். அப்போது குழாயைக் காட்டலாம் என்று இருந்தேன்.

அவர் வயர் மாற்றிவிட்டுப் போனார். அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது. தீபத்துக்கு ஜனம் வேறு, பஸ் எல்லாம் திருப்பிவிட்டார்கள், யாரும் ஷெட் பக்கம் வரவில்லை. ஓடுபாதை சேறும் உளையுமாகக் கிடந்தது. நடுவில் ஒருநாள் விமானத்தை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் உருட்டியதில் அடிவயிறு முழுக்கச் சேறு. ஓஸ் பிடித்துக் கழுவினேன். தண்ணீரிலேயே பொட்டு கரைந்து போய்விட்டது. நான் தேய்க்கக்கூட இல்லை.

ஆக, கோளாறைச் சரிசெய்தது மழையும் ஓஸ் தண்ணீரும். பெயர் வயருக்கு.

மார்கழி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பரசுராமன் சாரும் வினோதினியும் இரண்டு தடவை போய்விட்டு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம். முள் அசையவில்லை. சார் இறங்கி, "இனிமே நீ தனியா போலாம்மா" என்றார். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதுதான் பெரிய நாளாம். அந்தப் பெண் உடனே அம்மாவுக்கு போன் பண்ணி அழுதது.

இளஞ்செழியன் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "குறை தீர்ந்தது, வயர் மாற்றப்பட்டது" என்று எழுதியிருந்தார்.

"சீஃப் இன்ஜினியர் சார், கையெழுத்து போடுங்க. குறை எழுதினது நீங்கதானே."

"நான் எழுதினது மீட்டர் சரின்னு" என்றேன்.

"ஆமா. இப்ப சரியாயிடுச்சு இல்ல? போடு."

பரசுராமன் சார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "போட்டுடு தருமா, நேரமாவுது" என்றார்.

என் வரி, அதன்மேல் சிவப்புக் கோடு. அது பொய் என்பதற்குக் கீழே என் பெயரையே நான் எழுத வேண்டும். எழுதினேன். அந்தக் கையெழுத்து நன்றாகவே வந்தது, நோட்டு உங்களிடம் இருந்தால் பாருங்கள்.

அப்புறம் பெட்ரோல் ஊற்றச் சொன்னார்கள். எப்போதும் பாதிக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாக ஊற்றுவேன், தனியாகப் போகிற பெண்ணுக்கு அதுவே அதிகம். அன்றைக்குக் கழுத்துவரை ஊற்றினேன். தளும்பத் தளும்ப. மூடியை இறுக்கினேன். டேங்கில் காற்றுக்கு இடம் எவ்வளவு கம்மியோ, காற்று வழியை அடைத்தால் இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் நிற்கும். இதுவும் ஆயில் இன்ஜின்காரன் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

வினோதினி வந்து, "தருமண்ணா, ஃபர்ஸ்ட் டைம் தனியா போறேன். ஒரு பொட்டு வெச்சு உடுங்க" என்று கேட்டது. அதுவாகக் கேட்டது, ஐயா. ஷெட்டில் சாமி படத்துக்கு முன்னால் காலையில் கரைத்த சந்தனம் கிண்ணத்தில் இருந்தது. கை கால் கழுவிக்கொண்டு எடுத்து வந்தேன். மூக்கில் வைத்தேன். விசிறியில் வைத்தேன். சக்கரத்துக்கு வைத்து, எலுமிச்சம்பழம் வைத்தேன். அப்புறம் குனிந்து அடிக்குழாயில் வைத்தேன். இந்தத் தடவை விரலை உள்ளே கொடுத்து அழுத்தி வைத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தேன். பரசுராமன் சார் கையெடுத்துக் கும்பிட்டார். இளஞ்செழியன் போனில் படம் பிடித்தார். கிளம்புவதற்கு முன்னால் அந்தக் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியது அவர் வேலை. ஆயுத பூஜையிலிருந்து மழை வரைக்கும் அங்கே ஒரு பொட்டைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பழகிவிட்டது.

முள் இறங்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். இது இன்ஜின் நின்றாலும் மிதந்துகொண்டே இறங்குகிற விமானம் என்று சார் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். முள் இறங்கும், இன்ஜின் நிற்கும், அந்தப் பெண் அலுங்காமல் இறங்கும், சிவப்புக் கோட்டுக்கு எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். மேலே போவதற்குள்ளேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாயா என்று கேட்டால், யோசித்தேன். அந்த யோசனை எனக்கு அன்றைக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்ததால் தரையில் அதிக நேரம் ஓட்டவில்லை. நான் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் கண்ணாடிக் கதவை இன்னும் மூடவில்லை. என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டது.

"அண்ணா, மீட்டர் இப்ப சரியா இருக்குதா?"

பரசுராமன் சாரைக் கேட்கவில்லை, இளஞ்செழியனைக் கேட்கவில்லை. அத்தனை பேரில் என்னைத்தான் கேட்டது.

"மீட்டர் சரியா இருக்குதும்மா" என்றேன்.

கதவை மூடிக்கொண்டது.

நல்ல சத்தத்தோடுதான் ஓடியது, ஏறியது. ஓடுபாதை முடிந்து, நெல் வயலுக்கு மேலே, தென்னை மரம் இரண்டு உயரம் இருக்கும்போது தொய்ந்தது. அப்புறம் நின்றது. நேராக வயலில் இறக்கியிருந்தால் பிழைத்திருக்கலாம். நேராகத்தான் இறக்க வேண்டும், திரும்பக் கூடாது என்று சார் பாடமாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் எங்கள் பக்கம் திரும்பி வரப் பார்த்தது. ஒரு இறக்கை வரப்பில் இடித்து, அப்படியே குப்புற விழுந்து மல்லாந்தது.

முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். முதுகு வலி உள்ளவன் எப்படி அவ்வளவு வேகமாக ஓடினான் என்று அப்புறம் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அடிவயிறு வானத்தைப் பார்த்துக் கிடந்தது. உள்ளே அந்தப் பெண்ணுக்கு மூச்சு இருந்தது, முனகல் கேட்டது. நான் முதலில் ஊக்கை எடுத்துக் குழாயைச் சுத்தம் பண்ணினேன், வேட்டித் தலைப்பால் துடைத்தேன். சாமிச் சந்தனம் சேற்றில் கிடக்கக் கூடாது என்றுதான். அப்புறம்தான் கதவுப் பக்கம் போனேன். அதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் டவுனுக்குள் போவதற்குள் உயிர் போய்விட்டது.

குழாய் சுத்தமாக இருந்ததால்தான் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் பேப்பர்காரன், நோட்டில் இருக்கிற சிவப்பு எழுத்தைப் பார்த்து மீட்டர் கோளாறு என்று எழுதிவிட்டான். ஒரு வாரம் பொறுத்தேன். யாராவது திருத்துவார்கள் என்று பார்த்தேன். டீக்கடையில் எல்லாம், "பாழாப்போன மீட்டரால ஒரு பொண்ணு போச்சே" என்று பேசிக்கொள்கிறார்கள். வயர் மாற்றியது பத்தவில்லை என்று இளஞ்செழியனே அழுகிறாராம். இப்போதும் மீட்டரைத்தான் சொல்கிறார்கள்.

குழாயை அடைத்தது நான். டேங்கை ரொப்பியது நான். தெரிந்து செய்தேன். வினோதினி சாவுக்கு நான்தான் காரணம். என்ன பிரிவு போட வேண்டுமோ போட்டுக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொன்னதாக மட்டும் யாரும் எழுதக் கூடாது. மீட்டர் சரியாக இருக்குதா என்று என்னை நம்பித்தான் கேட்டது. சரியாக இருந்தது. அதைத்தான் சொன்னேன்.

இப்படிக்கு,
தருமன்